ஆத்தா வந்திருக்கா

எனக்குக் கோபம் வந்தா மூணு நாள் இருக்கும். எங்க அத்தா நைனா முகமது சின்ன வயசுலேயே சொல்லுவாக, மைதீன் பீவி கோபம் காய்ச்சல் மாதிரி, மூணாம் நாள்தான் இறங்கும்னு. அதைக் கேட்டு வீடே சிரிக்கும். இப்ப யாரும் அந்தப் பேச்சை எடுக்கிறதில்ல. எடுத்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன்னு அவங்களுக்குத் தெரியும்.

மதுரையில காஜிமார் தெரு எங்களுக்கு. புருஷன் மௌத்தானப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு, பிள்ளை கிடையாது. மூலையில உக்காரச் சொன்னாக, உக்காரல. ஆஸ்பத்திரியில ரெண்டு வருசம் பிரசவம் பாக்கப் படிச்சேன். துப்பட்டியைப் போத்திக்கிட்டு ஊர் ஊரா சுத்துறாளேன்னு தெருவே பேசுச்சு. பேசுனவ வீட்டுப் பிரசவத்துக்கும் நான்தான் போய் நின்னேன், அது வேற விசயம். படிப்பு முடிஞ்சதும் மாதர் சேவா சங்கத்துல சேந்தேன்.

சங்கத்துத் தலைவியம்மா கூட்டத்துல பேசுறப்ப, தொட்டில்ல இருந்து பாடை வரைக்கும் ஒரு மனுசரைக் கைவிடாமப் பாக்குறதுதான் நம்ம தொண்டுன்னு சொல்லுவாக. கேக்க நல்லாத்தான் இருக்கும். மேலூர் ரோட்டுல ஏழு ஊரு, அம்புட்டுக்கும் நான் ஒருத்தி. பச்சப்பிள்ளைக்குத் தொப்புள் பாக்கணும், பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்கியிருக்கான்னு பாக்கணும், சிரங்கு பிடிச்ச பிள்ளையைக் கழுவிவிடணும், கண்ணு தெரியாத கிழவனுக்குச் சொட்டு மருந்து விடணும், கிணத்துக்கு மருந்து போட்டா சாமி குத்தம்னு சொல்றவன்கிட்ட மல்லுக்கட்டணும். எல்லாம் ஒரு தோல் பையோட. அந்தப் பையோட கொக்கி துருப்பிடிச்சுப் போச்சு. திறந்தா டக்குனு ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டாலே ஏழு ஊர்ப் பிள்ளைகளும் ஓடி ஒளியும்.

ஒத்தக்கடையைத் தாண்டி, யானைமலை அடிவாரத்துல ஒரு குடிசைவரிசை. அடுத்தவன் காட்டுல கூலி வேலை பாக்குற சனம். அங்கதான் தங்கப்பொண்ணு இருந்தா. புருஷன் பேரு சின்னக்கருப்பன். ரெண்டு பிள்ளை பெத்து ரெண்டையும் பத்து நாளைக்குள்ள மண்ணுக்குத் தூக்கிக் குடுத்தவ. ரெண்டு தடவையும் தொப்புளை அறுத்தது கருதறுக்கிற அரிவா. மூணாவது வயித்துல இருக்கப்ப நான் முதல் தடவை போனேன். கல்லு மாதிரி உக்காந்து என்னை மேலயும் கீழயும் பாத்தா.

"நீங்க வந்தா மட்டும் தங்குமா?"ன்னு கேட்டா.

"தங்கும். நான் இருக்கேன்"னேன்.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எங்களுக்குப் பாடம் எடுத்த டாக்டரம்மா, யாருக்கும் வாக்குக் குடுக்காதீகன்னு சொல்லித்தான் அனுப்பினாக. ஆனா அந்தப் பிள்ளை மூஞ்சியைப் பாத்தா வேற என்ன சொல்றது.

வாரம் ஒரு தடவை போவேன். மெல்ல மெல்லப் பேச ஆரம்பிச்சா. வாயாடியாவும் ஆயிட்டா. ஒரு நாள், "எங்க அத்தா திட்டுவாக, சீக்கிரம் போகணும்"னு நான் எந்திரிச்சேன். "ஏன் நர்சம்மா, இம்புட்டு வயசுலயும் உங்க ஆத்தா திட்டுறாகளா?"ன்னு கேட்டா. ஆத்தா இல்ல புள்ளே, அத்தா, எங்கள்ல அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்னு சொன்னேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. "கொஞ்சம் குறுக்கிச் சொன்னா ஆத்தா அப்பனாயிருவாளா"ன்னா. அதுக்கப்புறம் என்னைப் பாக்குறப்பல்லாம், "அத்தா சொகமா, ஆத்தா சொகமா"ன்னு ரெண்டையும் சேத்தே கேப்பா.

அவ ஆத்தா மலையம்மாள் கடல் தாண்டிக் கண்டித் தோட்டத்துக்குத் தேயிலை கிள்ளப் போய் ஆறு வருசம் ஆயிருந்துச்சு. தங்கப்பொண்ணுக்கு அது ஒண்ணுதான் குறை. முத ரெண்டு பிரசவத்துக்கும் ஆத்தா பக்கத்துல இல்ல, அதான் தங்கலைன்னு அவளா ஒரு கணக்குப் போட்டு வச்சிருந்தா. மாசி மாசம், ஏழு மாசம் ஆனப்ப, கடுதாசி எழுதித் தரச் சொன்னா. அவ சொல்லச் சொல்ல எழுதினேன். வைகாசியில பிறக்கும், எப்படியாச்சும் வந்துரு ஆத்தா. கடைசியா ஒரு வரி சொன்னா. அதை எழுதுறப்ப எனக்கே கூச்சமா இருந்துச்சு, ஆனா எழுதினேன். பதில் விலாசத்துக்குச் சங்கத்து விலாசத்தைப் போட்டேன்.

பதில் வரல. பங்குனி முழுக்க நான் வாசப்படி ஏறுறதுக்குள்ள, "ஆத்தா வந்திருச்சா நர்சம்மா, கடுதாசி வந்திருச்சா"ன்னு கேப்பா. நானும் ஊருக்குள்ள யாரைப் பாத்தாலும், தங்கப்பொண்ணு ஆத்தா வந்தா எனக்குச் சொல்லிவிடுங்கன்னு சொல்லி வச்சேன். விறகுவண்டி ஓட்டுற தவசிகிட்ட ரெண்டு தடவை சொன்னேன். அவன் வாரத்துக்கு மூணு நாள் மதுரைக்கு விறகு கொண்டாருவான், சங்கத்து வழியாத்தான் போவான்.

அஞ்சாம் ஜார்ஜ் ராஜா செத்த வருசம் அது. சித்திரையில அழகர் ஆத்துல இறங்க இன்னும் நாலு நாள். வைகைக் கரையில தண்ணிப்பந்தல் போட்டு, காய்ச்சின தண்ணியா குடுக்கணும்னு சங்கத்துல ஒரே அமளி. அன்னைக்குக் காலையில தவசி வண்டியை நிறுத்திட்டு வாசல்ல நின்னான். துண்டைக் கக்கத்துல வச்சுக்கிட்டு, குரலைத் தணிச்சுப் பேசினான்.

"சின்னக்கருப்பன் சொல்லிவிட்டான் நர்சம்மா. வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கா."

எனக்கு நெஞ்சு குளுந்து போச்சு. பதில் எழுதத் தெரியாதவ ஆளாவே வந்துட்டா போலன்னு நெனச்சேன்.

"எப்ப வந்தா?"

"நேத்து வெள்ளன."

"தனியாவா வந்தா?"

தவசி என்னை ஒரு மாதிரியாப் பாத்தான். "ஆத்தா தனியாத்தானம்மா வருவா. உங்களை இப்பக்கி வர வேணாம்னு சொல்லச் சொன்னான்."

"ஏன் வரக் கூடாதாம்?"

"வெளியாளு வாசப்படி மிதிச்சா ஆத்தா கோவிச்சுக்கிருவா. மருந்து வாடையே ஆகாது அவளுக்கு."

எனக்குச் சுருக்குன்னு ஏறுச்சு. யாரு எழுதுன கடுதாசியைப் பாத்து வந்தவ இவ? ஆறு வருசமா எட்டிப் பாக்காதவளுக்கு, வந்து கால் வச்ச மறுநாளே நான் வெளியாளா? ஏழு மாசமா வெயில்ல நடந்து அவ மக காலை அமுக்கிப் பாத்தவ நான்.

"எம்புட்டு நாள் இருப்பாளாம்?"னு கேட்டேன்.

"தலைக்குத் தண்ணி ஊத்துனாத்தான் போவா. அது அவ மனசு."

பிள்ளை பெத்தவளுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துறதைத்தான் சொல்றான்னு எடுத்துக்கிட்டேன். அப்ப பிரசவத்துக்கும் நான் வேணாம். எல்லாத்தையும் ஆத்தாளே பாத்துக்குவா.

"நல்லதாப் போச்சு. அந்த ஆத்தாவே எல்லாத்தையும் பாத்துக்கட்டும்னு நான் சொன்னேன்னு போய்ச் சொல்லு"ன்னேன்.

நக்கலாத்தான் சொன்னேன். தவசி ரெண்டு கையையும் சேத்துக் கும்பிட்டான். "அவதாம்மா பாக்கணும்"னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான். எதுக்குக் கும்பிடுறான்னு கூட நான் யோசிக்கல. கோபத்துல இருக்கிறவளுக்கு எதுவும் கண்ணுல படாது.

அவங்க பாசை எனக்குத் தெரியாதான்னு கேப்பீக. தெரியும். எங்க தெருவுல அம்மை போட்டிருக்குன்னு சொல்லுவோம். அங்க அப்படிச் சொல்ல மாட்டாக, பேரைச் சொன்னா குத்தம், ஆத்தா வந்திருக்கான்னுதான் சொல்லுவாக. அது எனக்கு நல்லாத் தெரியும். ஆனா ரெண்டு மாசமா அந்த வீட்டைப் பத்தின நெனப்புல ஆத்தான்னா எனக்கு மலையம்மாள் மட்டும்தான். வேற எந்த வீட்டுக்காரன் வந்து அதே வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் அந்த நிமிசமே பையைத் தூக்கியிருப்பேன்.

மூணு நாள் போச்சு. தண்ணிப்பந்தல்ல வேலை இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா அதைச் சாக்காச் சொல்ல மாட்டேன். ஒரு மத்தியானம் ஒழிஞ்சிருந்தா போதும், மேலூர் பஸ்ஸுல ஏறிப் போயிட்டு வந்திருக்கலாம். ரெண்டு தடவை பையை எடுத்தேன், ரெண்டு தடவையும் கீழ வச்சேன். கூப்பிடட்டும், கூப்பிட்டா போவோம்னு வீம்பு.

நாலாம் நாள், அழகர் ஆத்துல இறங்கின அன்னைக்குக் காலையில, அம்மை ஊசி குத்துற சோணைமுத்து பந்தலுக்கு வந்தாரு. முனிசிபாலிட்டி ஆளு இல்ல, தாலுகா ஆளு, ஒத்தக்கடைப் பக்கமெல்லாம் அவருதான். ஒரு சொம்புத் தண்ணியைக் குடிச்சிட்டு, சலிச்சுக்கிட்டுச் சொன்னாரு.

"யானைமலை அடியில அம்மை இறங்கிருக்குக்கா. குத்துறேன்னு போனா கதவைச் சாத்துறானுங்க. முதல்ல ஒரு பிள்ளைத்தாச்சிக்குத்தான் போட்டிருக்காம். அந்த வீட்டுக்குள்ள என்னை விடவே இல்ல. ஆத்தா வந்திருக்கா, போன்னுட்டான்."

தவசி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. வெள்ளன வந்தா. தனியாத்தான் வருவா. மருந்து வாடை ஆகாது. தலைக்குத் தண்ணி ஊத்துனாத்தான் போவா.

தை மாசம் இதே சோணைமுத்து அந்த வரிசைக்கு ஊசியோட வந்தப்ப, வயித்துப் பிள்ளைக்காரிக்கு இப்ப வேணாம், பிள்ளை பிறக்கட்டும்னு சொன்னதும் நான்தான். அதுவும் அப்பத்தான் நெனப்புக்கு வந்துச்சு.

ஊரே ஆத்தைப் பாத்து வந்துக்கிட்டிருக்கு, நான் ஒருத்தி எதுத்துப் போறேன். பஸ் இல்ல. திரும்புற கட்டை வண்டி ஒண்ணுல ஏறி, பாதியில இறங்கி, மிச்சத்தை நடந்தேன். போய்ச் சேந்தப்ப உச்சி வெயில். குடிசை வாசல்ல வேப்பங்குழை செருகியிருந்துச்சு. சின்னக்கருப்பன் வாசல்ல குத்த வச்சிருந்தான். என்னைப் பாத்ததும் எந்திரிச்சு வழியை மறிச்சு நின்னான். அவன் கண்ணு ரெண்டும் சிவந்து கிடந்துச்சு.

"உள்ள ஆத்தா இருக்கா நர்சம்மா."

"வழியை விடு."

"நீங்கதான சொல்லிவிட்டீக, ஆத்தாவே எல்லாத்தையும் பாத்துக்கட்டும்னு. வேற வேதத்துக்காரவுக, படிச்சவுக, அவுகளே சொல்லிட்டாகளேன்னுதான நான் யாரையும் விடல. ஊசிக்காரரு வந்தாரு, விடல. காலையில இருந்து இடுப்பு வலி வேற வந்திருச்சு. மருத்துவச்சி வரமாட்டேன்னுட்டா. ஆத்தா இருக்கிற வீட்டுல பிள்ளைத்தீட்டு ஆகாதாம். நான் என்ன செய்வேன்?"

அவனை ஒரு அறை அறையணும் போல இருந்துச்சு. அறைய வேண்டியது அவனை இல்லைன்னும் தெரிஞ்சுச்சு. தள்ளிட்டு உள்ள போனேன்.

வேப்பிலைப் படுக்கையில கிடந்தா. முனகுற குரலை வச்சுத்தான் நான் அவளைக் கண்டுபிடிச்சேன். முகத்துல கொப்புளம் இல்லாம விரல் வைக்க இடம் இல்ல. கண்ணு ரெண்டும் வீங்கி மூடியிருந்துச்சு. பையைக் கீழ வச்சுத் திறந்தேன். கொக்கி டக்குன்னுச்சு. அவ தலையை இந்தப் பக்கம் திருப்பினா.

"நர்சம்மாவா?"

"நான்தான் தங்கம்."

"கோவமா இருக்கீகன்னு நெனச்சேன். தவசி அண்ணே வந்து சொன்னாக, ஆத்தாவே பாத்துக்கட்டும்னு சொன்னீகன்னு. நான் என்ன தப்புச் செஞ்சேன்னு மூணு நாளா யோசிச்சுப் பாக்குறேன், தெரியல."

"நீ ஒண்ணும் செய்யல. நான்தான் மடச்சி. உன் ஆத்தா கண்டியில இருந்து வந்துட்டாள்னு நெனச்சேன்."

வெடிச்சுப் போன அந்த உதட்டை வச்சுக்கிட்டுச் சிரிக்கப் பாத்தா. "நானும் அந்த ஆத்தாளைத்தான் கேட்டேன், இந்த ஆத்தா வந்திருக்கா"ன்னா.

சாயங்காலம் வெயில் தாழுறப்ப பிள்ளை பிறந்துச்சு. பொட்டப்பிள்ளை. தலைமுடி நல்லா இருந்துச்சு. தலைகீழாப் பிடிச்சுப் பாத்தேன், முதுகுல தட்டினேன், வாயில வாய் வச்சு ஊதினேன், வெந்நியும் பச்சத் தண்ணியுமா மாத்தி மாத்தி முக்கினேன். படிச்சதெல்லாம் செஞ்சேன். மூச்சு வரவே இல்ல.

"அழுகுதா நர்சம்மா? எனக்குக் காது அடைச்சிருக்கு, ஒண்ணும் கேக்கல"ன்னு கேட்டா தங்கப்பொண்ணு.

"அழுகுது"ன்னேன்.

"இது தங்குமா?"

"தங்கும்."

மறுநாள் காலையில தங்கப்பொண்ணும் போய்ச் சேந்தா. அவளுக்குத் தண்ணி ஊத்தி ஆத்தாளை அனுப்பவே இல்ல, அவளும் ஆத்தாளும் ஒண்ணாவே போனாக. தூக்குறதுக்கு ஆளு வரல. சின்னக்கருப்பனும் தவசியும் சோணைமுத்துவும் தூக்கினாக. பிள்ளையை என் வெள்ளைத் துப்பட்டியில பாதியைக் கிழிச்சுச் சுத்திக் குடுத்தேன்.

சோணைமுத்து திரும்புற வழியில எனக்கு ஆறுதல் சொன்னாரு. "நீ மூணு நாள் முந்திப் போயிருந்தாலும் இதுதான்க்கா நடந்திருக்கும். பிள்ளைத்தாச்சிக்கு வந்தா தாங்காது." இருக்கலாம். அவரு நாலையும் பாத்தவரு, பொய் சொல்ல மாட்டாரு. ஆனா அந்த மூணு நாளும் அவ வாசப்பக்கம் காதை வச்சுக்கிட்டு, நான் ஏன் கோவமா இருக்கேன்னு யோசிச்சுக்கிட்டுக் கிடந்தாளே. அதுக்கு யாரு என்ன ஆறுதல் சொல்றது.

அந்த வரிசையில இன்னும் ஒம்போது பேரு போனாக. ஊசி குத்த விடுங்கப்பான்னு நான் வீடு வீடாப் போய்க் கெஞ்சினேன். நர்சம்மாவே ஆத்தா பாத்துக்கட்டும்னு சொன்னவுகதானேன்னு என் வார்த்தையை எனக்கே திருப்பிச் சொன்னாக. அது ஊர் முழுக்கப் பரவியிருந்துச்சு. நான் மறுத்துச் சொன்னா, நர்சம்மா ஆத்தாளுக்குப் பயந்து பேச்சை மாத்துறாகன்னாக. சங்கத்துல வேலையை விட்டுடுறேன்னு சொன்னேன். தலைவியம்மா, வேற ஆளு இல்ல, நீயே பாருன்னுட்டாக.

வைகாசி பிறந்து நாலாம் நாள். நான் சங்கத்துல கட்டுத்துணியை வேகவச்சுக்கிட்டிருந்தேன். தவசி வந்து வாசல்ல நின்னான். அதே இடம், அதே மாதிரி துண்டு கக்கத்துல.

"நர்சம்மா, ஆத்தா வந்திருக்கா."

எட்டிப் பையை எடுத்தேன். "எந்த வீட்டுல? யாருக்குப் போட்டிருக்கு? எத்தனை நாள் ஆச்சு? சொல்லு, கிளம்புவோம்"னேன்.

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "அந்த ஆத்தா இல்லம்மா. தங்கப்பொண்ணோட ஆத்தா. கண்டியில இருந்து. ரயிலடியில நின்னு வழி கேட்டுக்கிட்டிருந்தா, கையில கடுதாசியோட. ஏத்திக் கூட்டியாந்துட்டேன். எனக்குச் சொல்ல வாய் வரல. கடுதாசி போட்டது நீங்கதான, நீங்களே சொல்லிருங்க."

விறகு வண்டியில காலைத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தா. மெலிஞ்ச பொம்பளை, மூஞ்சியில தங்கப்பொண்ணோட அதே நாடி. மடியில ஒரு துணி மூட்டை. என்னைப் பாத்ததும் இறங்கிக் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"நர்சம்மாவா? கங்காணி விடமாட்டேன்னுட்டான், அதான் நாளாயிருச்சு. வைகாசின்னு போட்டிருந்தீக. இன்னும் வயித்துலதான் இருக்கா, பிறந்திருச்சா? பிந்திட்டேனா?"

அவ அந்தக் கடுதாசியை இடுப்புல இருந்து எடுத்தா. மடிச்சு மடிச்சு நாலு துண்டாக் கிழியுற மாதிரி இருந்துச்சு.

"எனக்குப் படிக்கத் தெரியாது. நாங்க குடியிருக்கிற லயத்துல ஒரு பையன் படிச்சுச் சொன்னான். இருபது தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன், எனக்குப் பாடமே ஆயிருச்சு. கடைசியில எழுதியிருந்தீகளே, நீ வர்ற வரைக்கும் நர்சம்மா என் பக்கத்துலயே இருப்பாக, நீ பயப்படாம வா ஆத்தான்னு. அதான் பயப்படாம வந்தேன்."

மூட்டையை அவுத்து ஒரு சின்ன மஞ்சச் சட்டையை எடுத்துக் காட்டினா. எந்தப் பிள்ளைக்கும் ஆகும்னு பாத்து வாங்கினாளாம்.

"சொல்லுங்க நர்சம்மா. ஆணா, பொண்ணா?"

"பொட்டப்பிள்ளை"ன்னேன்.

மலையம்மாள் சிரிச்சா. மிச்சத்தையும் நான்தான் சொன்னேன்.